நுரைப் பேய்

ஒரு காட்டில் ஹாலோவீன் கொண்டாட ஆரம்பித்திருந்தார்கள். சுற்றுலா வந்தவரிடம் பிடுங்கிய கைப்பேசியில் பார்த்துவிட்டுக் குரங்குதான் விவரம் சொன்னது. வாசலில் பேய் பொம்மை வைக்க வேண்டும், வருகிறவருக்குத் தின்பண்டம் தர வேண்டும். விதிமுறை வகுக்கும் சிரமத்தை நரி தந்திரமூர்த்தி தானே முன்வந்து ஏற்றுக்கொண்டார். தன்னைப் பயமுறுத்தும் பொம்மை உள்ள வீட்டை விட்டுவிடுவார். மற்ற வீடுகளில் பண்டம் கேட்பார். பண்டம் இல்லையென்றால் வீட்டுக்காரரே போதும் என்றார், பெருந்தன்மையாக.

முயல் பஞ்சவர்ணம் அன்றே பேய் பொம்மை செய்ய உட்கார்ந்தாள். பக்கத்து வளைக்காரர் போன வருடம் பண்டம் தீர்ந்துவிட்டது என்று சொன்னவர். அந்த வளை இப்போது வாடகைக்குக் கிடைக்கிறது.

கைவேலையில் அவள் கெட்டிக்காரிதான், பொருள்தான் அமையவில்லை. வைக்கோலில் பேய் செய்து பார்த்தாள். பார்க்க வந்த மான்கள் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டே மென்று தீர்த்தன. பூசணிக்காயில் செய்தாள். சிறந்த பொம்மைக்குப் பரிசு தரும் விழா நடுவரான யானை அதை வாயில் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை காட்ட முடியுமா என்று கேட்டார்.

யாரும் தின்னாத பொருள் வேண்டும். காட்டோரம் விடுதி கட்டுகிற இடத்தில் ஒரு டப்பா கிடைத்தது. ஜன்னல் இடுக்கை அடைக்கிற நுரை. அழுத்தினால் தோசை மாவு போலப் பொங்கி, சற்று நேரத்தில் கல்லாக இறுகிவிடும். முகர்ந்து பார்த்தாள். குமட்டியது. நிம்மதியாக இருந்தது.

பண்டிகை மாலை, வளைக்குள் இருந்தபடியே வாசலில் குச்சி நட்டு நுரையை அடித்தாள். அவள் உயரத்துக்கு ஒரு பேய் என்பது திட்டம். அதை யாரும் நுரையிடம் சொல்லவில்லை. பொங்கிப் பொங்கி வாசலையே அடைத்துக்கொண்டது.

வெளியே தந்திரமூர்த்தியின் குரல் கேட்டது. "என்னம்மா, இதுவா பேய்? எனக்குப் பயம் வரலியே."

"பண்டமும் இல்லீங்க," என்றாள் பஞ்சவர்ணம் உள்ளிருந்து.

"அப்ப நீயே வா. எனக்கு அவசரமில்ல."

அவர் நுரையில் சாய்ந்து உட்கார்ந்தார். பனிக்கு வெதுவெதுப்பாக இருக்கவே கண்ணயர்ந்தார். நுரை இன்னும் பொங்கிக்கொண்டிருந்தது. விழித்தபோது முகம் மட்டும் வெளியே இருந்தது, மற்றதெல்லாம் இறுகியிருந்தது. அலறினார்.

யானை வந்து சுற்றிப் பார்த்தார். "ஒலியெல்லாம் வச்சிருக்கா."

"யோவ், நான்தான் தந்திரமூர்த்தி!"

"பேரும் சொல்லுது," என்று யானை முதல் பரிசை அறிவித்து, பொம்மையைப் பெயர்த்து எடுத்தார். வாசல் திறந்தது. பஞ்சவர்ணம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தாள். என்ன பொருளில் செய்தாய் என்று யானை கேட்டார்.

அவள் நரியின் முகத்தைப் பார்த்தாள். பக்கத்து வளையையும் பார்த்தாள்.

"நுரைங்க. மீதி இங்கயே கிடைச்சுது."

பொம்மையை ஆலமரத்தடியில் எல்லாரும் பார்க்கும்படி வைத்தார்கள். சில நாள் ஒலி கணீரென்று வந்தது. அப்புறம் குறைந்து, நின்றுபோயிற்று. பேட்டரி தீர்ந்திருக்கும் என்றார் யானை.

நீதி: கைவேலைக்குப் புதுப் பொருள் தேடி அலைய வேண்டாம். உங்கள் வாசலில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவரைப் பயன்படுத்திக்கொள்ளவும்.