கரப்பான் டின்னுக்குக் குங்குமம் வைத்தேன்

சுத்தம் சோறு போடும் என்பார்கள். போடும்தான். ஆனால் நாத்தனாரைப் பெண் பார்க்க வருகிற நாளில் கொஞ்சம் அழுக்காக இருந்துவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

எழுபதுகளில் மகாபலிபுரம் பக்கம் சவுக்குத் தோப்புக்குள் ஒருவர் ஓணான், உடும்புக்குட்டி, தவளை எல்லாம் வளர்த்தார். (ஆசையாகத்தான்!) என் வீட்டுக்காரருக்கு அங்கே காவல் வேலை. அந்த ஜீவன்களுக்குத் தீனி கரப்பான்பூச்சி. அதை வளர்த்துக் கொடுப்பது நான். மேல்பக்கம் வெட்டிய மண்ணெண்ணெய் டின்னில் பழைய அட்டை, தவிடு, வாழைப்பழத் தோல் போட்டால் போதும், பெருகிவிடும். மூடினால் புழுங்கிச் செத்துப்போகும். அதனால் வாயைத் திறந்தே வைத்து, உள்விளிம்பில் விளக்கெண்ணெய் தடவ வேண்டும். ஏறிவந்தால் கால் வழுக்கி உள்ளேயே விழும்.

நாத்தனார் தேவகியை அதற்கு முன் பார்த்துவிட்டுப் போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. அந்தக் கவலையில் மாமியார் பாதிச் சோறுதான் சாப்பிடுவார். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் படாளத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தார்கள்.

காலையிலிருந்து பாத்திரம் விளக்கினேன். எல்லாம் பளபளவென்று இருக்க, சமையல்கட்டில் அந்த டின் மட்டும் பிசுக்காக நின்றது. மாமியாரும், "இன்னாடி இது, எண்ண வடிஞ்சிகினு கீது? வர்றவங்க பாத்தா இன்னா நெனப்பாங்க?" என்றார்.

எனக்கு மானம் போய்விட்டது. கோழி வளர்த்தவள் நான். தீனி போடுகிற வீட்டை விட்டுக் கோழி ஓடுமா? இதுவும் அப்படித்தான் என்று முடிவு கட்டினேன். (அந்த வயதில் நான் முடிவு கட்டாத விஷயமே கிடையாது.) சாம்பல் போட்டு விளிம்பைத் தேய்த்து, மஞ்சள் தடவி, குங்குமப் பொட்டும் வைத்தேன். மகாலட்சுமி மாதிரி இருந்தது.

விளக்கு வைக்கிற நேரம், அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். தேவகி தலை குனிந்து கேசரித் தட்டை நீட்டினாள். பின்னாலேயே என் பிள்ளைகளும் வந்தன. ஒன்று, இரண்டு, அப்புறம் வரிசையாக, கேசரி வாசனையைப் பிடித்துக்கொண்டு. ஒன்று பறந்துபோய் மாப்பிள்ளையின் அம்மா கொண்டையில் உட்கார்ந்தது.

"ஐயோ! இன்னா வூடு இது! எழுந்துருடா, போலாம்!"

மாமியார் தூணைப் பிடித்துக்கொண்டார். தேவகிதான் தட்டைக் கீழே வைத்து, இரண்டு விரலால் கொண்டையிலிருந்த பூச்சியைப் பக்குவமாக எடுத்தாள்.

"பயப்படாதீங்க அத்த, கடிக்காது."

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பாத்தியாடா, இன்னும் தாம்பூலமே மாத்தல, அதுக்குள்ள அத்தயாம்!" என்றார் மகனிடம். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்துவிட்டது அவருக்கு. "எங்க வூட்டுக் குதிர்ல எலி கீது. அதயும் புடிப்பியா கண்ணு?"

"பொறி இருந்தா புடிப்பேன்" என்றாள் தேவகி, தலை குனிந்தபடியே.

அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம்.

இன்றைக்கும் படாளத்து வீட்டில் கரப்பான்பூச்சி தென்பட்டால் தேவகியின் பேரப்பிள்ளைகள் அடிக்க மாட்டார்கள். "ஆயா, தரகர் வந்துகிறாரு!" என்று கத்துவார்கள். அந்தத் தரகருக்குத் தவிடு போட்டு வளர்த்தவள் நான். அதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.