தங்கக் காது எபினேசர்

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் எபினேசர் முதல்முறையாக ஒரு முடிவெடுத்தார். அதையும் மனைவி ரோஸ்மேரி சர்ச்சுக்குப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் எடுத்தார். வீட்டு முன்ரூமில் ஒரு ஹை எண்ட் சவுண்டு சிஸ்டம் வைத்தே தீருவது!

ராயபுரத்தில் எபினேசர் சவுண்டு சர்வீஸ் தெரியாத ஆளில்லை. காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதி, எதுவானாலும் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டி, அதன் வாயடியிலேயே உட்கார்ந்து முப்பது வருஷம் ஓட்டியவர். "என் காது தங்கம்" என்பார். யாரும் மறுத்ததில்லை. மறுத்திருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது.

சிக்கல் என்னவென்றால், அதே முன்ரூமில் பெரிய கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்க ரோஸ்மேரி பலகைகூட எழுதி வைத்துவிட்டாள்.

"இன்னாமே, ஊரே என் சவுண்ட கேக்குது. நான் ஒரு நாளு நல்ல சவுண்டு கேக்கக் கூடாதா?"

"கேளு. யாரு வேணான்னா? ரோட்ல நின்னு கேளு."

"முன்ரூம்ல வெச்சாதான்மே சவுண்டு எடுக்கும்!"

"அப்போ கிரைண்டர எங்க வெக்கறது? உன் தல மேலயா?"

மூன்று நாள் வீட்டில் மீன் வாசனையே இல்லை. ராயபுரத்துக்காரனுக்கு இதைவிடத் தண்டனை ஏது? நான்காம் நாள் அவளே ஒரு நோட்டீஸோடு வந்தாள்.

"ஏதோ ஓட்டல்ல ஆடியோ ஷோவாம். கண்ண கட்டிக்கினு கேக்கணுமாம். நீ எத்த கேட்டுட்டு கைய தூக்குறியோ, அதான் முன்ரூமுக்கு வரும். இன்னா வெலயா இருந்தாலும் சரி. ஆனா அத்த தவிர வேற எந்த சவுண்டும் உள்ள நுழையக் கூடாது. பைபிள் மேல கைய வை."

வைத்தார். எதற்குக் கை தூக்கினாலும் ஜெயம் அவருக்குத்தான்! இத்தனை அப்பாவிக்கா இவ்வளவு நாள் பயந்தோம் என்று அவள்மேல் பரிதாபமே வந்தது.

ஓட்டல் வாசலில் ரோஸ்மேரி எவர்சில்வர் தூக்கைத் திறந்தாள். எலுமிச்சை சோறு.

"துன்னு."

"மணி பதினொண்ணுதான்மே ஆவுது."

"தூக்கு காலியாவணும், துன்னு."

ஏன் என்று கேட்க எபினேசரின் வாயில் இடமில்லை. தூக்கைக் குழாயில் அலசிப் பையில் போட்டுக்கொண்டாள்.

உள்ளே வசீம் என்றொருவர். வண்ணாரப்பேட்டைப் பட்டறையில் கையாலேயே ஸ்பீக்கர் செய்கிறவர். அவருடைய சின்னப் பெட்டிகள் ஒரு பக்கம். பீரோ உயரத்துக்கு வெளிநாட்டு சிஸ்டம் மறுபக்கம். அந்த பீரோவின் விலைக்கு எர்ணாவூரில் வீடே வாங்கலாம். வருகிறவர்களின் கண்ணைக் கட்டி, இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, எது உசத்தி என்று வசீம் கேட்பார்.

எபினேசர் கண்ணில் கறுப்புத் துணி ஏறியது. முதலில் பீரோ பாடியது.

"கம்பளிய போத்திக்கினு பாடுறாப்ல கீது."

அடுத்து வசீமின் பெட்டி.

"பரவால்ல. ஆனா மெத்துமெத்துன்னு கீது. ஒறைக்கல."

வசீமின் முகம் சுண்டிப்போனது. ரோஸ்மேரி அவரிடம் ஏதோ கிசுகிசுத்தாள். தங்கக் காதுக்கு அது எட்டவில்லை.

மூன்றாவதாக ஒரு சத்தம் வந்தது. எபினேசர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆங்! இதான்யா சவுண்டு! இன்னா கணீர்னு கீது! வார்த்த வார்த்தையா வந்து மண்டைல ஆணி அடிக்கிது பாரு! முப்பது வருசமா இத்ததான்யா தேடிக்கினு கீறேன்!"

ஒரு கை போதாதென்று இரண்டு கையையும் தூக்கினார். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க சார்," என்றார் வசீம்.

"பைபிள் மேல கைய வெச்சவன்யா நானு! இதான்!"

துணியை அவிழ்த்தார்கள். மேஜைமேல் அவர்கள் வீட்டுத் தூக்கு. அதற்குள் ரோஸ்மேரியின் போன் பாடிக்கொண்டிருந்தது.

"குழா ஸ்பீக்கர் வாயிலயே குந்திக்கினு இருந்த காதுய்யா இது," என்று வசீமுக்கு விளக்கினாள் ரோஸ்மேரி. "தகரத்துல மோதி வந்தாதான் அதுக்கு சவுண்டு. கூட குடும்பம் பண்றவளுக்குத் தெரியாதா?"

மறுவாரமே கிரைண்டர் வந்து இறங்கியது. ரோஸ்மேரி வாக்குத் தவறவில்லை. முன்ரூமில் கிரைண்டருக்குப் பக்கத்திலேயே தூக்குக்கும் இடம் கொடுத்தாள். எபினேசர் அதற்குள் போனைப் போட்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது. அப்போது வாசலில் மாவு கேட்டு ஆள் வந்து நின்றது. ரோஸ்மேரி தூக்குக்குக் கையை நீட்டினாள்.

"யோவ், உன் ஹை எண்டு சிஸ்டத்த கழுவிக் குடு. மாவு மொள்ளணும்."