ழகரச் சோதனை

ஏழு மலைகளுக்கு இந்தப் பக்கம் மேழிநாடு என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டில் கூலியாட்கள் என்று யாருமே கிடையாது. மலைக்கு அப்பாலிருந்து வந்து சுண்ணாம்புக் காளவாயில் கல் சுமந்தவர்களையும் தீ மூட்டியவர்களையும் ‘விருந்தினர்’ என்றே அழைக்க வேண்டும் என்பது மாமன்னர் எழிற்கோவின் ஆணை. விருந்தினரின் உடைமையைப் பத்திரப்படுத்துவது வீட்டுக்காரரின் கடமை அல்லவா? ஆகவே, கணவாயைத் தாண்டுவதற்கு நாட்டவர் உட்பட யாவருக்கும் வேண்டிய வழிச்சீட்டை வந்த அன்றே வாங்கி, காளவாய் நிர்வாகம் இரும்புப் பெட்டியில் பூட்டிவைத்தது. விருந்தினர் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போனால் வீட்டுக்காரருக்கு அவமானம் அல்லவா? ஆகவே, அவர்களுடைய கொட்டகைக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் வைக்கப்பட்டது.

காளவாய் வாசலில் கூழ்க்கடை வைத்திருந்தவள் பேச்சியம்மா. விருந்தோம்பல் சட்டம் எதுவும் அவளுக்குத் தெரியாது. பசித்து வந்தவனுக்கு இரண்டு வெங்காயம் கூடுதலாகக் கொடுக்கத் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை காலை, சுண்ணாம்பு நீற்றும் தொட்டியில் தண்ணீர் ஊற்றியபோது அது கொதித்துத் தெறித்து தீமா என்ற பெண்ணின் கண்களில் விழுந்தது. அவளுடைய அண்ணன் பிர்கூ அவளைத் தூக்கிக்கொண்டு கூழ்க்கடைக்கு ஓடிவந்தான். பேச்சியம்மா யோசிக்கவில்லை. கடையிலிருந்த மூன்று குடம் தண்ணீரையும் அந்தக் கண்களில் ஊற்றிக் கழுவினாள். பிறகு வண்டிக்காரர் சுடலைமுத்துவைக் கூப்பிட்டு, அரண்மனை வைத்தியரிடம் கொண்டுபோனாள்.

வைத்தியர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “விருந்தினருக்கு நோய் வந்தால் வீட்டுக்காரருக்குப் பழி. ஆகவே நம் நாட்டில் விருந்தினருக்கு நோய் வருவதில்லை” என்றார் நிதானமாக.

“கண்ணு வெந்து கெடக்கு ஐயா. வந்து பாருங்க.”

“வராத நோயை எப்படியம்மா பார்ப்பது?”

கணவாய்க்கு அப்பால் மூன்று நாள் வழியில் கண் வைத்தியர் ஒருவர் இருந்தார். போகலாம். ஆனால் தீமாவின் வழிச்சீட்டு இரும்புப் பெட்டியில் இருந்தது.

அன்று மாலைக்குள் கடைத்தெரு முழுக்கச் செய்தி பரவியது. தீமாவைப் பேச்சியம்மா கடையை ஒட்டிய தன் வீட்டிலேயே படுக்கவைத்தாள். மீன்காரி பாய் கொடுத்தாள், எண்ணெய்க் கடைக்காரர் விளக்கெண்ணெய் அனுப்பினார், யாரோ இளநீர் சீவி வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் இருபது பேர் அரண்மனை வாசலில் போய் நின்று, வழிச்சீட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார்கள்.

இதைக் கேட்டதும் பேரமைச்சர் வாகைமாறனாருக்கு மொழிப்பற்று பொங்கியது. அவருக்கு நெருக்கடி வரும்போதெல்லாம் அது பொங்கும். மறுநாளே தண்டோரா போடப்பட்டது:

“முறையிட விரும்பும் விருந்தினர், வரும் ஞாயிறன்று மன்றத்தில் நின்று ‘வழிச்சீட்டு’ என்ற சொல்லை மும்முறை பிழையின்றி உச்சரிக்க வேண்டும். நம் மொழியின் மணிமுடியாகிய ழகரம் எவர் நாவில் வரவில்லையோ, அவர் இந்நாட்டவர் அல்லர். அவருடைய சீட்டு காளவாயிலேயே இருக்கும். துணைக்கு வருவோர் உட்பட யாவருக்கும் இதுவே விதி.”

மலைநாட்டான் நாக்கு எந்தக் காலத்தில் அப்படி வளையும் என்று அமைச்சரவையில் எல்லோரும் சிரித்தார்களாம்.

புதன்கிழமை மதியம் பேச்சியம்மா பிர்கூவைக் கடையில் உட்காரவைத்தாள். “நாலே நாள்தான் இருக்கு. நான் சொல்லுறத அப்படியே சொல்லு. வளிச்சீட்டு.”

பிர்கூ தயங்கினான். “அக்கா, தண்டோராக்காரர் அப்படிச் சொல்லலை.”

“பின்னே எப்படிச் சொன்னாராம்?”

“வழிச்சீட்டு.”

பேச்சியம்மாவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. “இன்னொரு தடவ சொல்லு.”

“வழிச்சீட்டு. வழிச்சீட்டு.”

வீட்டுக்குள்ளிருந்து, கண்ணில் துணி கட்டிப் படுத்திருந்த தீமாவும் சொன்னாள்: “வழிச்சீட்டு.” தண்ணீர் ஊற்றினாற்போல வந்தது.

“உங்களுக்கு யாரு சொல்லித் தந்தா?”

“யாரும் இல்லை அக்கா. எங்க ஊர்ல ஆட்டுக்கு ழோப்பு. பனிக்கு ழாங். பேச ஆரம்பிச்சா பாதி அந்த எழுத்துதான்.”

பேச்சியம்மா ‘கூழ்’ என்று சொல்லிப் பார்த்தாள். கூளு என்றுதான் வந்தது. நாற்பது வருடமாக அவள் கூளுதான் விற்றிருக்கிறாள். அவள் அம்மாவும் அப்படித்தான். மீன்காரியைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னாள். வளிச்சீட்டு. எண்ணெய்க் கடைக்காரர், வளிச்சீட்டு. சுடலைமுத்து இன்னும் மோசம், வயிச்சீட்டு. சட்டப்படி பார்த்தால் கடைத்தெருவில் ஒருவர்கூட மேழிநாட்டவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை துணைக்குப் போகிற அத்தனை பேரின் சீட்டும் காளவாய்ப் பெட்டிக்குள் போய்விடும்.

“அப்போ நாம போகாம இருந்துருவமா?” என்றார் எண்ணெய்க் கடைக்காரர்.

பேச்சியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “பிர்கூ, நாக்க எங்க வைக்கணும்? எங்களுக்குச் சொல்லித் தா.”

அந்த நான்கு நாளும் கடைத்தெரு அமளிப்பட்டது. மதியக் கூழ் நேரத்தில் காளவாயின் முப்பத்தெட்டு விருந்தினர்களும் ஆளுக்கு நாலைந்து பேரைப் பிடித்துக்கொண்டார்கள். “நாக்கைப் பின்னால மடக்கு. மேலே தொடாதே. தொட்டா ள ஆயிடும்” என்று தீமா பாயில் படுத்தபடி காதாலேயே தவறு கண்டுபிடித்தாள். மீன்காரி விலை சொல்வதற்கு முன் ஒரு ‘வழி’ சொன்னாள். யாருக்காவது எழுத்து சரியாக விழுந்துவிட்டால் அடுத்த தெருவரை கைதட்டல் கேட்டது. சுடலைமுத்துவுக்கு மட்டும் சனிக்கிழமை சாயங்காலம்வரை வரவில்லை. மாட்டிடம் சொல்லிப் பார்த்தார். மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஞாயிறன்று மன்றம் நிரம்பி வழிந்தது. தீமாவை வண்டியில் உட்காரவைத்து அழைத்துவந்திருந்தார்கள். மேல்மாடத்தில் மாமன்னர், கீழே மேடையில் பேரமைச்சர், பக்கத்தில் பெட்டியோடு காளவாய்க் கணக்கர்.

பிர்கூ முதலில் வந்தான். “வழிச்சீட்டு. வழிச்சீட்டு. வழிச்சீட்டு.”

அமைச்சர் காதைத் தடவிக்கொண்டார். இரண்டாமவன் வந்தான், மூன்றாமவள் வந்தாள். முப்பத்தெட்டு பேரும் சொல்லி முடித்தபோது அரசு எழுத்தர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “பிழையில்லை ஐயா” என்றார்.

“துணைக்கு வந்தவர்கள்” என்றார் அமைச்சர், கொஞ்சம் தெம்போடு.

பேச்சியம்மா மேடைக்கு முன் நின்றாள். நாக்கை மடக்கினாள். வந்தது, மூன்று முறையும் வந்தது. மீன்காரிக்கு வந்தது. எண்ணெய்க் கடைக்காரருக்கு வந்தது. கடைசியில் சுடலைமுத்து வந்து நின்றார். அவர் கண்ணை மூடி, வாய்க்குள்ளேயே ‘ழோப்பு, ழோப்பு’ என்று இரண்டு தரம் ஆட்டைக் கூப்பிட்டார். பிறகு சொன்னார். பழம் உதிர்ந்த மாதிரி மூன்று முறை விழுந்தது. கடைத்தெரு மொத்தமும் அவரைத் தூக்கிவிட்டது.

அமைச்சர் கையை உயர்த்தினார். “மகிழ்ச்சி. முறையீடு கேட்கப்படும். அதற்கென ஒரு குழு அமைத்து, உரிய காலத்தில்…”

“ஐயா,” என்றாள் பேச்சியம்மா, “யாவருக்கும் இதுவே விதின்னு போட்டிருக்கு. கேக்கப் போறது நம்ம நாட்டு ஆளுதானான்னு எங்களுக்கும் தெரியணும்ல. நீங்களும் ஒரு தடவ சொல்லிருங்க.”

“நானா? என் குருதியில் ஓடுவதே மொழியம்மா” என்றார் வாகைமாறனார். தொண்டையைச் செருமினார். முழங்கினார்: “வளிச்சீட்டு.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மறுபடி முழங்கினார். மறுபடியும் அதேதான். காளவாய்க் கணக்கர் விதிகளைப் பிசகாமல் பின்பற்றுகிறவர். எழுந்து, பணிவாகக் கை நீட்டி, “ஐயா, தங்கள் சீட்டு” என்றார்.

மேல்மாடத்தில் மாமன்னர் எழுந்துவிட்டார். அடுத்து தன்னைத்தான் கேட்பார்கள் என்பது அவருக்குப் புரிந்தது. தன் பெயரையே அவர் எலிற்கோ என்றுதான் சொல்வார். அங்கேயே ஆணை பிறந்தது. எழுத்தர் வாசித்தார்: “மொழியின் தூய்மையைக் காக்கும் பொருட்டு, ழகரம் இக்கணம் முதல் மொழியிலிருந்து நீக்கப்படுகிறது. அதைச் சொல்வோர் தண்டிக்கப்படுவர்.” வாசித்துவிட்டு அண்ணாந்து, “அரசே, தங்கள் திருப்பெயரை இனி எப்படிக் குறிப்பது?” என்று கேட்டார்.

“அதைப் பிறகு பார்ப்போம்.”

“ஆணை இப்பத்தான் வந்துச்சு. நாங்க அதுக்கு முந்தியே சொல்லி முடிச்சாச்சு” என்றாள் பேச்சியம்மா. கணக்கர் யோசித்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. பெட்டியைத் திறந்து முப்பத்தெட்டுச் சீட்டுகளையும் எடுத்து நீட்டினார். அன்று பிற்பகலே சுடலைமுத்துவின் வண்டி தீமாவோடு கணவாயைக் கடந்தது. அவளுக்கு ஒரு கண் முழுதாகவும் மறுகண் மங்கலாகவும் பார்வை திரும்பியது. கொட்டகையின் தாழ்ப்பாளை அன்றே பெயர்த்தெடுத்தவர்கள் மீன்காரியும் அவள் கூட்டாளிகளும்.

ஆனால் வண்டி புறப்படுவதற்கு முன் மன்றத்தில் இன்னொன்றும் நடந்தது.

மாமன்னர் ஆணையிட்டு முடித்தால் மக்கள் வாழ்த்துவது மரபு. அவர் மார்பை நிமிர்த்திக் காத்திருந்தார். மன்றம் பேசாமல் நின்றது. அரண்மனைக் காவலர் தலைவர் பேச்சியம்மாவை முறைத்தார். “என்ன நின்று கொண்டிருக்கிறீர்கள்? மன்னரை வாழ்த்துங்கள்.”

“எப்படிங்க? அந்தச் சொல்லுல நீங்க நீக்கினதுல்லா இருக்கு. சொன்னா தண்டனையாமே.”

பின்னாலிருந்து எண்ணெய்க் கடைக்காரர் வருத்தத்தோடு சொன்னார்: “அதுக்கு எதிர்ச்சொல்லுலயும் அதேதான் இருக்கு. அதையும் சொல்ல முடியாது.”

மக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது வண்டியிலிருந்து தீமா, கட்டிய கண்களோடு மேல்மாடத்தின் பக்கம் முகத்தைத் திருப்பி, தெளிவாக ஒரே ஒரு சொல் சொன்னாள்.

“போதும்.”

காவலர் தலைவர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் அந்தச் சொல்லை ஏட்டில் எழுதி, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். தடைசெய்யப்பட்ட எழுத்து எதுவும் அதில் இல்லை என்று உறுதி செய்தார். அதற்குள் கடைத்தெரு முழுவதும் அதைச் சொல்லத் தொடங்கியிருந்தது. எழுத்தர் ஏட்டை மூடினார். சத்தம் ஏறிக்கொண்டே போனது. அவரும் மெல்ல ஒரு முறை சொல்லிப் பார்த்தார்.