ஜூரிக் மாமா போடாத கையெழுத்து

கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கும் வித்தையை ஜூரிக் மாமா அளவுக்குக் கரைத்துக் குடித்தவர் உலகத்திலேயே கிடையாது. ஆனால் மனிதர் சுவிட்சர்லாந்துப் பக்கமே போனதில்லை, ஜூரிக்கைப் பார்த்ததில்லை. புனேயில் ஒரு வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவு அதிகாரி. வருஷத்துக்கு ஒரு தடவை ரயிலேறித் திருச்சி போய் வருவார். அவருடைய உலகப் பயணம் அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் எங்கள் புனே தமிழ்ச் சங்க ஆண்டு விழா நாடகம் என்றால் மாப்பிள்ளை, மாமியார், வழுக்கி விழும் சமையல்காரர். மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. சர்வதேச வங்கி மோசடியைப் பற்றி மூன்று அங்க நாடகம் ஒன்றை எழுதினார். கண்ணை மூடுவதற்குள் அதை முழுசாக மேடையேற்றிவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. ஜூரிக் வங்கி மேனேஜர் அவரே. கள்ளப்பணம் கொண்டுவரும் துபாய் கடத்தல்காரன் நான்.

புனேயின் சாங்விப் பகுதியில் அவர் வீட்டு ஹாலில்தான் ஒத்திகை. வரியில்லாத தீவுகள் வழியாகப் பணம் கைமாறும் விதத்தை விளக்க, சர்க்கரையை டப்பா டப்பாவாக மாற்றிக் காட்டுவார்.

"இது ஒரு தீவு, இது இன்னொரு தீவு. இப்போ சொல்லுங்கோ, சர்க்கரை யாரோடது?"

"என்னோடது. டப்பாவ உள்ள வைங்கோ, சாய் போடணும்" என்பார் மாமி.

முதல் அங்க முடிவில் நான் நீட்டும் கணக்குத் திறக்கும் காகிதத்தில் மாமா கையெழுத்துப் போட வேண்டும். ஒத்திகையில் போடவே மாட்டார். "அன்னிக்குப் பாத்துக்கலாம், இப்போ போதும்" என்று பேனாவை மூடிவிடுவார்.

விழாவன்று கோர்படிப் பேட்டை ஹாலில் நல்ல கூட்டம். காகிதத்தை நீட்டினேன். மாமா படித்தார். திருப்பிப் பார்த்தார்.

"பாஸ்போர்ட் காப்பி எங்க?"

வசனத்தில் அது கிடையாது. "அதெல்லாம் எதுக்கு மேனேஜர்?" என்று சமாளித்தேன்.

"பணம் எங்கேர்ந்து வந்ததுன்னு அத்தாட்சி?"

"கடத்தல்லதான் வந்தது. உங்களுக்கே தெரியுமே!"

"அப்போ முடியாது. எழுந்திருங்கோ."

முன்வரிசையிலிருந்து மாமி கத்தினார். "போட்டுத் தொலையுங்கோளேன்! நாடகந்தானே!"

"நாடகமா இருந்தா என்ன? கையெழுத்து என்னோடதாச்சே!"

கைதட்டலில் ஹால் அதிர்ந்தது. திரையை இழுத்துவிட்டார்கள். மாமா மட்டும் அழாத குறையாக நின்றார். "இன்னும் ரெண்டு அங்கம் இருக்கேடா" என்றார்.

அடுத்த வருஷமும் மேடை ஏறினோம். அதற்கடுத்த வருஷமும். ஒவ்வொரு தடவையும் பேனா வரைக்கும் போய் நின்றுவிடும். வேறு யாரையாவது மேனேஜராகப் போடலாமே என்றால், "அந்தப் பாவத்த இன்னொருத்தன் தலைல கட்டச் சொல்றியா?" என்று என் மேல் பாய்வார்.

அப்புறம் ஊரோரம் கராடியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. சங்கத்துக்கு வந்த புதுப் பையன்கள் பாட்டுக் கச்சேரி போதும் என்றார்கள். இரண்டாம் அங்கத்துக்காக வரைந்த பனிமலைத் திரையை நாங்கள் பிரிக்கவே இல்லை. மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போதெல்லாம் நான் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், எல்லாரும் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். எதிர் நாற்காலியில் மாமா உட்கார்ந்து, என்னை ஒரே ஒரு தடவை வெறுங்கையோடு திருப்பி அனுப்பமாட்டாரா என்று ஏக்கமாக இருக்கிறது.