என்ஜின் இன்னும் சூடாகவில்லை

சேசு மரி சூசை

ஈப்போ,
சனிக்கிழமை மாலை,
ஆகஸ்ட் 1989.

அன்புமிக்க பியாட்ரிஸ் அக்காவுக்குத் தங்கை எல்ஸி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, மத்தியாஸ் அண்ணன், நான் எல்லோரும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். சுங்காயில் நீயும் மச்சானும் பிள்ளைகளும் அப்படியே இருக்க மன்றாடுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளை வீட்டில் சம்மதம் சொல்லிவிட்டார்கள், உன் பதில்தான் பாக்கி, உடனே தபாலில் போடு என்று எழுதியிருக்கிறாய். என் பதில் இதுதான்: ஒரு வருடம் கழித்துச் சொல்கிறேன். கோபப்படாதே, காரணம் இருக்கிறது. என் பக்கத்தில் இப்போது ஒரு போர் விமானம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் எண்ணெய் சூடாகும்வரை எனக்கு நேரம் உண்டு, அதற்குள் எழுதிவிடுகிறேன்.

பயப்படாதே. விமானம் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கிறது. அண்ணன் வேலை செய்யும் கடையிலிருந்து யாரும் வாங்காத பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் ஒரு விமான விளையாட்டு டிஸ்க்கையும் தூக்கிக்கொண்டு வந்து, திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறான். ஹாலில் அங்கே ஒரு பிளக்குதான் இருக்கிறது. ஆண்டவரின் சிவப்பு விளக்கைப் பிடுங்கினால்தான் விமானம் ஓடும். அதனால் செபமாலை நேரம் வந்ததும் அம்மா எந்தச் சண்டையையும் நிறுத்திவிடுவாள். உலகப் போரையே இப்படி நிறுத்தியிருக்கலாம் என்று அப்பா சொல்கிறார்.

அண்ணனுக்குப் பொறுமை கிடையாது என்று உனக்கே தெரியும். உட்கார்ந்ததும் ஆக்ஸிலேட்டரை முழுசாகத் தள்ளுவான். என்ஜின் இருமும், புகையும், நின்றுவிடும். "ரொசாக் ஆயிருச்சு லா, கெட்டுப்போன டிஸ்க்கு" என்று டிஸ்க்கைத் திட்டுவான். தோட்டத்தில் லாரி ஓட்டிய அப்பா எட்டிப் பார்த்து, "பின்னால ஆளு வச்சு தள்ளிப் பாத்தியா?" என்று கேட்பார். இருவரும் வீட்டில் இல்லாத நேரத்தில் நான் விளையாட்டோடு வந்த விளக்கக் குறிப்பை எடுத்துப் படித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அலுவலகத்திலிருந்து வந்ததும் அண்ணன் திரும்புவதற்குள் கொஞ்ச நேரம் உட்காருவேன். முதலில் பெட்ரோல் குழாயைத் திறக்க வேண்டும். பிறகு கைப்பம்பை அடித்து என்ஜினுக்குக் கொஞ்சம் பெட்ரோல் ஊட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் மின்பொறிக்கான சுவிட்சைப் போட்டு ஸ்டார்ட்டரை அழுத்த வேண்டும். விசிறி ஒரு சுற்றுத் தயங்கும், ஒரு வாய் புகை விடும், பிறகு பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு தடவையும் கண் கலங்கும், சிரிக்காதே. அதன் பிறகு எண்ணெயின் சூட்டைக் காட்டும் முள் மெல்ல மெல்ல ஏறும்வரை ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். பறப்பதையும் சுடுவதையும் யார் வேண்டுமானாலும் கற்பனை செய்யலாம் அக்கா. குளிர்ந்த எண்ணெய் சூடாகக் காத்திருப்பதைக் கற்பனை செய்து, அதற்கென்று ஒரு முள்ளையும் வரைந்து, அது நகர்வதற்குப் பொறுமையாகக் கணக்கும் எழுதியிருக்கிறாரே ஒருவர், அவர் எந்த ஊர்க்காரரோ தெரியாது, அவருக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லியிருக்கிறேன். நான் இதுவரை ஓர் எதிரியையும் சுட்டதில்லை. முள் ஏறி, நான் மேலே ஏறி, எதிரி கண்ணில் படும் முன்னே செபமாலை வந்துவிடும்.

இனிப் போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பூசை முடிந்து கொஞ்ச நேரம் கழித்துப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் பூசையிலிருந்து நேராக, அம்மா வடைக்கு மாவு அரைப்பதற்கு முன்பே வந்துவிட்டார்கள். நீ பார்த்துவைத்த மாப்பிள்ளை மரியஜோசப்பும் அவருடைய பெரியம்மா குழந்தையம்மாளும். பெரியம்மா உட்காரவேயில்லை, நேராகப் படத்தைப் பார்த்தார். "என்னா இது, ஆண்டவருக்கு வெளக்கு இல்ல?" அண்ணன் கொஞ்சமும் யோசிக்காமல், "ஆண்டவரும் பிளேனும் ஒரே பிளக்கு பெரியம்மா" என்றான். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். நிலைமையைச் சமாளிக்க அண்ணன் மாப்பிள்ளையைப் பிடித்துக் கம்ப்யூட்டர் முன் உட்கார்த்தி, "வாங்க மச்சான், ஓட்டிப் பாருங்க, சும்மா தள்ளுங்க லா" என்றான். தேத்தண்ணித் தட்டோடு நான் வெளியே வருகிறேன். நீ சொல்லிக் கொடுத்தபடி தலையைக் குனிந்துதான் வந்தேன், ஆனால் குனிந்த கண்ணுக்கு நேரே திரை. என்ஜின் ஓடுகிறது, எண்ணெய் முள் இன்னும் அடியில் கிடக்கிறது, அவர் கை ஆக்ஸிலேட்டரில் இருக்கிறது. என் வாயில் வந்துவிட்டது: "தள்ளாதீங்க! ஆயில் இன்னும் சூடாவல!"

அக்கா, என் வருங்காலக் கணவராகக்கூடும் என்று வந்த ஒருவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது. அம்மா கரண்டியோடு நிற்கிறாள். அண்ணன் என்னைப் பார்த்த பார்வை அவனுடைய டிஸ்க்கைத் திருடி விற்றவளைப் பார்ப்பது போல் இருந்தது. குழந்தையம்மாள் மட்டும், "பொண்ணு மெக்கானிக்கா? சொல்லவே இல்லியே!" என்றார். மாப்பிள்ளை கையை எடுத்துவிட்டார். "எனக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. சூடாவலன்னா என்ன செய்யணும்?" என்று கேட்டார். "காத்திருக்கணும்" என்றேன். சரி என்று காத்திருந்தார். தேத்தண்ணி ஆறிப்போனது, அண்ணன் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தான், பெரியம்மா பொறுமை இழந்து, "டேய் ஜோசப்பு, பொண்ணப் புடிச்சிருக்கா இல்லியா, மணி ஆவுது, போலாம்" என்றார். மாப்பிள்ளை திரும்பவில்லை. "சபார் பெரியம்மா, பொறுங்க, முள்ளு இன்னும் ஏறல." அதற்கப்புறம் என்னிடம் மெதுவாக, "ரொம்ப நேரம் காத்திருந்தா என்னங்க ஆவும்?" என்றார். "ஒண்ணும் ஆவாது" என்றேன், எல்லாம் தெரிந்தவள் போல.

அவரை எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதே. பள்ளிக்கூடத்து ஆசிரியர், தெரியாததைத் தெரியாது என்று ஒரு கூட்டத்துக்கு முன்னால் சொன்னார். அப்படி ஓர் ஆண்பிள்ளையை நம் குடும்பத்தில் நான் பார்த்ததில்லை, மச்சானைச் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதனால்தான் பயமாக இருக்கிறது. நல்ல என்ஜினைக் குளிரில் தள்ளிக் கெடுத்துவிட்டால் பிறகு டிஸ்க்கைத் திட்டிப் பயனில்லை. ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள ஒரு வருடம் வேண்டும். கடிதம் எழுதட்டும், நானும் எழுதுகிறேன். முள் ஏறட்டும். இதை நீதான் நல்ல வார்த்தையில் பெரியம்மாவிடம் சொல்ல வேண்டும்.

மச்சானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். தேவமாதா உங்கள் வீட்டைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அன்புத் தங்கை,
எல்ஸி

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் பெரியம்மாவிடம் சொல்லிவிடாதே. கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் திரையில் ஒரே புகை. எண்ணெய் முள் எப்போதோ ஏறிவிட்டிருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. இந்த என்ஜினுக்கு உள்ளே தண்ணீர் ஓடுகிறது அக்கா. பறந்தால்தான் காற்றுப் பட்டு ஆறும். தரையிலேயே நின்றதில் கொதித்து, ஓர் அடிகூட நகராமல் செத்துப்போய்விட்டது. பிளக்கைப் பிடுங்கி விளக்கை மாட்டினேன், அடுப்படிக்குப் போய் அப்பாவிடம் சம்மதம் என்று சொன்னேன். அவர் சட்டை மாட்டிக்கொண்டு, எங்கள் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை எந்த ஞாயிறு வாசிக்கலாம் என்று கேட்கச் சுவாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறார். மாப்பிள்ளையைப் பார்த்தால் நீ இது ஒன்றைச் சொல்: ரொம்ப நேரம் காத்திருப்பது பற்றி அன்றைக்கு அவர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் தப்பு.