நாற்பதாவது ஜோடி

முப்பத்தொன்பது ஜோடி இரட்டையர்கள் அவளுக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லியாகிவிட்டது. நாற்பதாவது ஜோடிதான் காலை வாரியது. அது வேறு யாருமில்லை, அவளுடைய கணவனும் அவனுக்கு ஏழு நிமிடம் முந்திப் பிறந்த அண்ணனும்.

ஒரே மரபணுவோடு பிறந்தாலும், தனித்தனி வீட்டில் தனித்தனியாகச் சாப்பிட்டால் குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் வேறாகிவிடும் என்பது விஞ்ஞானியான அவளுடைய கட்சி. எல்லாம் மரபணு வைத்த சட்டம் என்பது ஆய்வுக்கூட இயக்குநரின் கட்சி. இதற்காக இரட்டையர்கள் வாராவாரம் ஆளுக்கொரு டப்பாவில் மலம் கொடுத்தார்கள். ஜோடிக்கு ஜோடி அவள் ஜெயித்துக்கொண்டே வந்தாள். சொந்த வீட்டு ஜோடி மட்டும் ஈயடிச்சான் காப்பி.

"என்னம்மா, உங்க வீட்டுக்காரரே என் கட்சிக்கு வந்துட்டாரே" என்றார் இயக்குநர்.

வேறு யாருடைய டப்பாவாவது கலந்துவிட்டதோ என்று மரபணுவைச் சோதித்தாள். இரண்டிலும் இருந்தது அந்த இரட்டையரின் மரபணுவேதான்.

"ஏங்க, டப்பாவை ஒழுங்காத்தானே கொடுக்குறீங்க?"

"பின்ன? போற வழியில அண்ணன் வீட்ல வச்சுடறேன். அண்ணி ரெண்டையும் சேர்த்து உன் லேபுக்குக் கொண்டாந்துடறாங்க" என்றான் கணவன், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

சரி, சாப்பாட்டை மாற்றிப் பார்ப்போம் என்று இறங்கினாள்.

"இன்னையிலருந்து மூணு வாரத்துக்கு உங்களுக்கு வேகவச்ச முட்டைக்கோஸ்."

"கூட?"

"கூடக் கொஞ்சம் முட்டைக்கோஸ்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு பேசாமல் தட்டை இழுத்துக்கொண்டான். மூன்று வாரத்தில் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. டப்பாவிலோ ஒரு மாற்றமும் இல்லை. அண்ணனுடையது எப்படியோ, அப்படியே தம்பியுடையதும்.

"ஆக, சாப்பாட்டாலயும் ஒண்ணும் ஆகாது" என்று இயக்குநர் குறித்துக்கொண்டார்.

அந்தச் சமயம் அண்ணனுக்குப் பல்வலி வந்து, ஒரு வாரம் ஆன்டிபயாடிக் மாத்திரை போட்டார். விழுங்கியவர் குடலில் பாதிக் கூட்டத்தையாவது அது காலி செய்துவிடும். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இப்போது எப்படி ஒன்றாக இருக்கும் என்று பார்த்துவிடுவோம்.

முடிவு வந்தது. இரண்டு குடலும் காலி.

இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணன் மாத்திரை போட்டா தம்பி வயித்துல வேலை செய்யுது. இதுக்கு மேல என்னம்மா ஆதாரம் வேணும்?" என்றவர், மொத்த ஆய்வுக்கூடத்தையும் அரங்கில் கூட்டிவிட்டார். அவளுடைய ஆறு வருட உழைப்பு கிடந்த குளிர்ப்பெட்டியின் சாவியை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"இந்த ஒரு ஜோடிக்கு மட்டும் விளக்கம் சொல்லுங்க. ஆய்வு இன்னும் மூணு வருஷம் உங்களுது. இல்லைன்னா இன்னியோட மூட்டை கட்டிக்கலாம்."

முப்பத்தொன்பது ஜோடி பொய் சொல்லாது என்று அவளுக்குத் தெரியும். மடியிலிருந்த முடிவுத்தாள்களை மறுபடியும் புரட்டினாள்.

அப்போதுதான், வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஓரகத்தி, பின்கதவைத் திறந்துகொண்டு கையில் வழக்கமான பையோடு வந்தாள். நேரே முன்வரிசைக்கு வந்து, பையைக் கொடுத்து, அவள் காதில் ஏதோ குசுகுசுத்தாள்.

விஞ்ஞானி ஒரு கணம் விழித்தாள். பிறகு ராணி மாதிரி எழுந்து மேடையேறி, சாவியை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, எங்கிட்டச் சொன்னதை அப்படியே இந்த மைக்கில சொல்லுங்க."

ஓரகத்தி மைக்கைத் தட்டிப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள்.

"வந்து... கட்டின பொண்டாட்டி பார்ப்பாளேன்னு எங்க கொழுந்தனாருக்குக் கூச்சம். அதனால முதல் வாரத்துலருந்தே ரெண்டு டப்பாவையும் எங்க வீட்டுக்காரர்தான் நிரப்பித் தர்றாரு."