தேன்மொழி மஹால் வாசலில் தண்டோரா

யாருடைய யோக்கியதையையும் மூன்று ஆங்கில எழுத்துக்குள் அடக்கிவிடலாம் என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. (அந்த வயதில் எதையும் நம்பலாம். தேய்த்தால் முடி முழங்கால்வரை வளரும் என்ற ஒரு எண்ணெயையும் நம்பிக்கொண்டிருந்தேன்.)

இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது இது. நகரத்துக்குள் இருந்த ஒரு ரேட்டிங் கம்பெனியில் நான் பயிற்சி அனலிஸ்ட். கடன்பத்திரம் வெளியிட்டு ஊராரிடம் கடன் வாங்க நினைப்பவர்கள், அதைச் சொன்ன தேதியில் திருப்பிக் கொடுப்பார்களா என்று துருவிப் பார்த்து மார்க் போடுவதுதான் வேலை. மூன்று ஏ வாங்கினால் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கும். மார்க் குறையக் குறைய வட்டி ஏறும். டி வாங்கினால் டீக்கடையில்கூடக் கடன் கிடைக்காது. ஆக, பெரிய பெரிய முதலாளிகள் எல்லாம் என்னைப் பார்த்து நடுங்குகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அவர்கள் என்னிடம் "காபி எங்க இருக்கு?" என்றுதான் கேட்டார்கள்.

என் மேலதிகாரி ராகவன் சார் மெதுவாகப் பேசுபவர். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். ரொம்பக் கோபம் என்றால் உதடு மட்டும் அசையும்.

ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு ஃபைலைக் கொடுத்தார். தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன நகராட்சி. பாதாளச் சாக்கடை போடுவதற்காகக் கடன்பத்திரம் வெளியிடப்போகிறது.

"இதுவரைக்கும் கம்பெனிதானே பாத்தே? கம்பெனின்னா லாபம் பாப்போம், வட்டி கட்டுற அளவுக்குக் கையில காசு வருதான்னு பாப்போம், போட்டி எப்படி, முதலாளி எப்படின்னு பாப்போம். நகராட்சிக்கு லாபமே கிடையாதும்மா. வரி வருதா, வரலைன்னா போய்க் கேக்குற தைரியம் இருக்கா, அரசாங்க மானியம் நின்னுபோனா தாங்குமா, பழைய கடன் எவ்வளவு, ஊரு வளருதா, இதைத்தான் பாக்கணும்."

கூடவே ஒரு படிவம். 'இந்த அமைப்போடு உங்களுக்கோ உங்கள் குடும்பத்துக்கோ ஏதேனும் சம்பந்தம் உண்டா?' நான் யோசிக்காமல் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அது நான் பிறந்து வளர்ந்த நகராட்சி.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து எழுதவில்லை. சம்பந்தம் என்றால் பங்கு, டைரக்டர் பதவி இப்படி ஏதோ என்று நினைத்தேன். குடியிருப்பதெல்லாம் சம்பந்தமா? ராகவன் சாருக்கும் என் ஊர் தெரியாது. குரோம்பேட்டையைத் தாண்டி எங்கே இருந்தாலும் "தாம்பரம்" என்று சொல்லிவிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அப்பா ஏகாம்பரம் ஒருகாலத்தில் நெல் போட்டுக்கொண்டிருந்தவர். சுற்றியிருந்த வயலெல்லாம் பிளாட் ஆனபோது, மிச்சமிருந்த நிலத்தில் ஒரு கல்யாண மண்டபம் கட்டினார். அதற்கு என் பெயரையே வைத்தார். தேன்மொழி மஹால். (செல்வி அக்காவின் பெயரை அரிசிக் கடைக்கு வைத்திருந்தார். அக்காவுக்கு அதில் இன்றைக்கும் வருத்தம்.) அந்த மஹாலில்தான் அக்காவின் கல்யாண வரவேற்பு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் முழுக்கப் பத்திரிகை கொடுத்திருந்தேன். ராகவன் சார் அவருடையதைப் பிரிக்காமலே டிராயரில் போட்டு, "கண்டிப்பா வர்றேன்மா" என்றிருந்தார்.

நகராட்சி அலுவலகத்தில் ஆணையர் எங்களை மரியாதையாக உட்காரவைத்துப் போண்டா கொடுத்தார். பக்கத்தில் தனபால் என்ற வருவாய் ஆய்வாளர். மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறதாம். நெஞ்சோடு ஒரு பெரிய ரிஜிஸ்டரை அணைத்துக்கொண்டிருந்தார். ராகவன் சார் வழக்கம்போல மெதுவாக ஆரம்பித்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஊர்ல பாதிப் பேருதான் ஒழுங்கா வரி கட்டுறாங்க. மீதிப் பேரை நீங்க என்ன சார் பண்றீங்க?" என்றேன்.

"நோட்டீஸ் குடுக்கறோம் மேடம்," என்றார் ஆணையர்.

"நோட்டீஸை வாங்கி அதுலயே பஜ்ஜி மடிச்சுச் சாப்பிடுவாங்க சார். பெரிய பெரிய பாக்கிக்காரங்க பேரு இருக்கா? முதல் பத்துப் பேரு?"

ஆணையர் தயங்கினார். "இருக்கு. ஆனா எல்லாம் ஊர்ப் பெரிய மனுஷங்க..."

"அதான் சார் பிரச்சினையே! கேக்க மனசு இல்லாத நகராட்சிக்கு எப்படி நல்ல ரேட்டிங் வரும்? அவங்க வாசல்ல போய்த் தண்டோரா போடுங்க. பேரை மைக்ல வாசிங்க. நாலு பேரு முன்னாடி மானம் போனா நாற்பது பேரு தானா வந்து கட்டுவாங்க."

என் குரல் அறையில் கணீரென்று ஒலித்தது. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. தனபால் ரிஜிஸ்டரை இறக்கிவைத்து, குறிப்பு எடுக்கவே ஆரம்பித்துவிட்டார்.

"அந்த லிஸ்ட்டை வாசிங்க சார்," என்றேன்.

தனபால் கண்ணாடியைப் போட்டார். "நம்பர் ஒண்ணு. தேன்மொழி மஹால். உரிமையாளர் ஏகாம்பரம். ஆறு வருஷப் பாக்கி."

வாயில் இருந்த போண்டா உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

ராகவன் சார் திரும்பி என்னைப் பார்த்தார். "உன் பேரு," என்றார்.

"காமனான பேரு சார்," என்றேன், போண்டாவுக்கு நடுவிலிருந்து.

ஆணையர் உற்சாகமாகிவிட்டார். "மேடம் சொன்னது நல்ல ஐடியா. தனபால், வர்ற ஞாயித்துக்கெழமையே ஆரம்பிச்சிடுங்க. லீவு நாளு, எல்லாரும் இருப்பாங்க. முதல்ல அந்த மஹாலு. போட்டோ எடுத்து மேடத்துக்கு அனுப்பிடணும்."

அன்று மாலை வீட்டுக்குள் புயல்போல நுழைந்தேன். அப்பா பந்தல்காரரிடம் சீரியல் விளக்குக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"ப்பா, மஹாலுக்கு ஏன் வரி கட்டல?"

"சாக்கட போடட்டும், கட்றேன். கொசு கடிச்சி கடிச்சி வர்ற ஜனமெல்லாம் பேஜாராய் போவுது. அதுக்கு இன்னாத்துக்கு வரி?"

"நீங்க கட்டினாத்தாம்ப்பா அவங்க சாக்கடை போட முடியும்!"

"அவன் போட்டாத்தான் நான் கட்டுவேன். ஆறு வருசமா அதான் ஓடிக்கினு கீது."

தண்டோரா வருகிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு ரேட்டிங் பேச்சுவார்த்தையில் கேட்டதை வெளியே சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் மானம் போய்விடும். ரொம்ப நேரம் யோசித்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தேன். "ப்பா, ஞாயித்துக்கிழமை வாசல்ல கொஞ்சம் சத்தம் வரலாம்."

"கல்யாண வூட்ல சத்தம் வராம?" என்றார் அப்பா.

மறுநாள் ராகவன் சார் சாப்பிடப் போன நேரத்தில் அவர் டிராயரைத் திறந்து பத்திரிகையைத் திருடினேன். அவர் வந்ததும், "சார், வரவேற்பு ரொம்பச் சின்ன அளவுல வெச்சிட்டோம். உங்களுக்கு அலைச்சல் வேணாம்," என்றேன்.

"எனக்கு என்னம்மா அலைச்சல்? எல்லாரும் சேர்ந்து மின்சார ரயில்ல தாம்பரம் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடிச்சிடுறோம்," என்றார்.

ஞாயிறு மாலை. தேன்மொழி மஹால் முகப்பில் என் பெயர் சிவப்பும் பச்சையுமாக மின்னிக்கொண்டிருந்தது. தெரியாத்தனமாக யாராவது பியூஸைப் பிடுங்கிவிட மாட்டார்களா என்று வேண்டிக்கொண்டு நின்றேன். ஆறரை மணிக்கு ஷேர் ஆட்டோவிலிருந்து ஆபீஸ்காரர்களோடு ராகவன் சார் இறங்கினார். கையில் சுவர்க் கடிகாரப் பார்சல். முகப்பை நிமிர்ந்து பார்த்தார். சிவப்பில் ஒருமுறை வாசித்தார். பச்சையில் ஒருமுறை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது.

அதே நேரத்தில்தான் தெருமுனையில் சத்தம் கேட்டது. டண்டணக்கு, டண்டணக்கு.

இரண்டு மேளக்காரர்கள். பின்னால் கையில் மைக்கும் ரிஜிஸ்டருமாகத் தனபால்.

மாப்பிள்ளையின் நண்பர்கள், பெண் வீட்டுக்காரர்கள் ரகசியமாக ஏற்பாடு செய்த மேளம் என்று நினைத்துவிட்டார்கள். "மச்சான், சூப்பர்டா!" என்று ஓடிவந்து வாசலிலேயே ஆட ஆரம்பித்தார்கள். ஒருவன் மேளக்காரர்களின் சட்டையில் பத்து ரூபாய் நோட்டைக் குத்திவிட்டான். நகராட்சி வேலையில் அப்படி ஒரு வரவேற்பை அவர்கள் கண்டதே இல்லை போலிருக்கிறது. தண்டோராவை மறந்து குத்துப்பாட்டுத் தாளத்துக்கு மாறிவிட்டார்கள். தனபாலையும் இரண்டு பேர் கையைப் பிடித்து நடுவில் இழுத்தார்கள். ரிஜிஸ்டரைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரும் நாலு சுற்றுச் சுற்றினார். வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"அப்படியே எடுங்க, ஆபீஸுக்கு அனுப்பணும்," என்று மூச்சு வாங்கியபடி அவரிடம் சொல்லிவிட்டு, தனபால் ஒருவழியாக மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார்.

"இதனால் பொதுமக்களுக்கு அறிவிப்பது என்னவென்றால், தேன்மொழி மஹால் உரிமையாளர் ஏகாம்பரம் அவர்கள் ஆறு வருடமாகச் சொத்து வரி கட்டவில்லை! கட்டவில்லை! கட்டவில்லை!"

மேளம் நின்றது. ஆடியவர்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பாதான் முதலில் சுதாரித்தார்.

"மண்டபத்த ஜப்தி பண்றாங்களா? அப்ப சாப்பாடு?"

அவ்வளவுதான். வாழ்த்த வந்த கூட்டம் மொத்தமும் மணமக்களை மேடையிலேயே விட்டுவிட்டு மாடியிலிருந்த சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடியது. இலை போட நேரமில்லை. சிலர் கையிலேயே கேசரி வாங்கினார்கள்.

அப்பா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். "யோவ், என் பொண்ணு கல்யாணத்துல வந்து தண்டோரா போட்றியே, எந்த அறிவாளிய்யா உனக்கு இந்த ரோசன குட்த்தது?"

தனபால் அப்பாவி. வாசலில் மிச்சமிருந்த நாலைந்து பேர்மேல் கண்ணை ஓட்டினார். நான் ராகவன் சாரின் கடிகாரப் பார்சலுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன். முகம் மட்டும்தான் மறைந்தது.

"அதோ, பட்டுப்புடவை கட்டிக்கினு நிக்கிறாங்களே, அந்த மேடம்தான் சார்! ரேட்டிங் மேடம்! வணக்கம் மேடம், நீங்களும் இந்தக் கல்யாணத்துக்கா?"

அப்பா என்னைப் பார்த்தார். மேலே மின்னும் பெயரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"அது என் பொண்ணுய்யா," என்றார். குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது.

"காமனான பேரு," என்றார் ராகவன் சார், மிக மிக மெதுவாக.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சின்ன அழுகை இல்லை, மூக்கு ஒழுகும் அழுகை. "சாரிப்பா, நம்ம பேரு லிஸ்ட்ல இருக்கும்னு தெரியாதுப்பா," என்று அங்கேயே விம்மினேன். மேடையில் அக்கா தன்னந்தனியாக மாப்பிள்ளையோடு நின்று முறைத்துக்கொண்டிருந்தாள்.  என்னை அழவிட்டு வேடிக்கை பார்க்கிற மனுஷர் இல்லை அப்பா. மொய் எழுதும் மேஜைக்குப் போய், செக் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். பாக்கி முழுவதையும் அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

"இந்தா. இப்ப சாக்கட போடலன்னா, நான் மோளத்த எடுத்துக்கினு உங்க ஆபீஸாண்ட வருவேன்."

தனபால் ரசீது கொடுத்தார். பிறகு, வந்துவிட்ட தோஷத்துக்கு நூற்றியொரு ரூபாய் மொய் எழுதிவிட்டு மாடிக்குச் சாப்பிடப் போனார். மேளக்காரர்கள் ஏற்கெனவே இரண்டாவது பந்தியில் இருந்தார்கள்.

திங்கட்கிழமை ராகவன் சாரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், பத்திரிகைத் திருட்டு உட்பட. அவர் ரேட்டிங் கமிட்டியிடம் சொல்லி அந்த ஃபைலிலிருந்து என்னைத் தூக்கினார். வேறு ஆட்கள் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி பார்த்தார்கள். எனக்கு ஒரு வருடம் சைக்கிள் செயின் கம்பெனிகள் மட்டும்தான். சைக்கிள் செயின் செய்யும் சொந்தக்காரர் எனக்கு யாரும் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் அதையும் கொடுத்தார்.

நகராட்சிக்கு நல்ல ரேட்டிங்கே கிடைத்தது. ஏகாம்பரமே கட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டதும், லிஸ்ட்டில் மீதி இருந்தவர்கள் தங்கள் வாசலுக்கு மேளம் வருவதற்குள் வரிசையில் நின்று கட்டினார்களாம். 'வசூலிக்கும் உறுதி சமீபத்தில் மேம்பட்டிருக்கிறது' என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்கு எங்கள் குடும்பம் கொடுத்த விலை அதில் இல்லை. சாக்கடையும் வந்தது, சாவகாசமாக.

ஆனால் அந்த வீடியோக்காரர் இருக்கிறாரே, அவர்தான் என் வாழ்க்கையை முடித்தவர். தனபால் கேட்டாரே என்று ஒன்றுவிடாமல் எடுத்ததோடு நிற்காமல், அதைக் கல்யாண சிடியிலும் சேர்த்துவிட்டார். அதுவும் எப்படி? தனபால் மைக்கில் வாசிக்கும் இடத்தில், அவர் முகத்தைச் சுற்றி இதய வடிவத்தில் ஒரு பிரேம், மேலிருந்து ரோஜா இதழ்கள். மூக்கு ஒழுக நான் அழும் காட்சி ஸ்லோமோஷனில். பின்னணியில் ஷெனாய். அடுத்து மாலையும் கழுத்துமாக அக்கா முறைக்கும் காட்சி.

அக்காவின் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கும் ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் குடும்பமே உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்க்கிறது. தாலி கட்டுவதையெல்லாம் ஓட்டிவிடுவார்கள். நேராக ரோஜா இதழ்தான். "கட்டவில்லை! கட்டவில்லை!" என்று தனபாலோடு சேர்ந்து எல்லோரும் ஒரே குரலில் கத்துவார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்துவது அப்பாதான்.